வாடை எட்டாத கரை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



நாற்பது வயதுக்குப் பின் பெண்களின் உடல்நலம் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள் என்று விழாக் குழுவினர் எங்களிடம் கேட்டிருந்தார்கள். சீனி வருத்தம், பிறஷர், எலும்புத் தேய்வு எல்லாம் இந்த மண்டபத்தில் பல தடவை பேசியாயிற்று. கேட்டவர்கள் நன்றாகத் தலையாட்டிவிட்டு வெளியே போய் ரோல்சும் கேக்கும் சாப்பிட்டதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். ஆகையால் அதே தலைப்பைக் கொஞ்சம் கடற்கரைக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டோம். தந்தார்கள்.

எங்கள் வகுப்புத் தோழிகள் நால்வர், இரண்டு வைத்தியர்கள், ஒரு கணக்காளர், ஒரு மொழிபெயர்ப்பாளர், மூன்று வருடங்களாகச் செப்டெம்பர் மாதத்தில் ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு போர்த்துக்கலின் தென்மேற்கு மூலையில் உள்ள அரிஃபானா என்ற சின்னக் குடாவுக்குப் போகிறோம். அங்கே அலைச்சறுக்கல் பழகுகிறோம். ஆம், சேர்ஃபிங்தான். நால்வருக்கும் வயது நாற்பத்து நான்குக்கு மேல். ஒருத்திக்கு முழங்கால் தேய்வு. அது இந்தப் பாடசாலை வலைப்பந்தாட்ட மைதானம் தந்த பரிசு.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். அல்ஜெசூர் என்ற சிற்றூரில் இருந்து மேற்கே போனால் நிலம் திடீரென்று முடிந்துவிடும். கீழே பாறைச் சுவர். கறுத்த, அடுக்கடுக்கான பாறை. அதன் அடியில் பிறைபோல வளைந்த மணற்கரை. அதற்கு அப்பால் அமெரிக்கா வரை வேறொன்றும் இல்லை. வாகனத்தை மேலே விட்டுவிட்டுச் செங்குத்தான பாதையால் பலகையைச் சுமந்துகொண்டு இறங்க வேண்டும். திரும்பி ஏறுவதுதான் அன்றைய நாளின் மிகக் கடினமான உடற்பயிற்சி என்பது எங்கள் ஏகமனதான தீர்ப்பு. இந்தக் கரையோரம் முழுவதும் இயற்கைப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டது. கடலை நோக்கிய பாறை முனைகளில் செங்கால் நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. சத்திமுற்றப் புலவர் தூது விட்டதாகத் தமிழ்ப் பாடத்தில் படித்தோமே, அதே நாரை. மரத்திலும் கூரையிலும் கூடு கட்டுகிற பறவை இங்கே கடற்பாறையில் கட்டுவதைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள்.

இந்தக் குடாவைத் தேர்ந்ததற்குக் காரணம் அழகு இல்லை. கோடையில் அந்தக் கரையில் பின்னேரமானால் வடக்கில் இருந்து பலத்த காற்று வீசும். அங்குள்ளவர்கள் அதற்கு நோர்த்தாடா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் வாடை என்போம். திறந்த கடற்கரைகளில் அந்தக் காற்று அலையைக் குலைத்துக் குழப்பிவிடும். அரிஃபானாவுக்கு வடக்கே ஒரு பெரிய பாறை முனை கடலுக்குள் நீண்டு நிற்கிறது. வாடை அதில் மோதி மேலே போய்விடும். கீழே குடாவுக்குள் கடல் ஒழுங்காக இருக்கும். அதைவிட முக்கியமான வேலை ஒன்றையும் அந்த முனை செய்கிறது. ஐஸ்லாந்து, கிரீன்லாந்துப் பக்கம் புயல் அடித்தால் அதில் பிறக்கும் அலை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடி வடமேற்கில் இருந்து இந்தக் கரைக்கு வருகிறது. திறந்த கரையில் அது முழுப் பலத்தோடு விழும். இங்கே முனையைச் சுற்றி வளைந்து வரவேண்டும். வளையும்போது உயரம் குறைந்துவிடும். பக்கத்துக் கரைகளில் அலை தலைக்கு மேலே எழுகிற நாளிலும் இந்த மறைவில் இடுப்பளவு அலை கிடைக்கும். பழகுகிறவர்களுக்கு அது போதும்.

பாறையின் நல்ல பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. அது கல்லையும் உதிர்க்கும். 2009 ஓகஸ்டில் அதே அல்கார்வ் மாகாணத்தின் தென்கரையில் ஒரு கடற்கரைப் பாறை இடிந்து அதன் நிழலில் இருந்த ஐந்து பேர் இறந்தார்கள். ஆகவே வெயிலுக்கு நிழல் தேடிப் பாறை அடியில் துவாய் விரிக்க வேண்டாம். பெருக்கு நேரத்தில் மணல் ஒடுங்கிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். எங்கள் வடக்குக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர் கூட வித்தியாசம் வராது. அங்கே மூன்று மீற்றருக்கு மேலும் போகும். காலையில் நடந்த மணல் மத்தியானம் கடலுக்குள் இருக்கும்.

துவாய் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. முதல் நாள் சேர்ஃபிங் பாடசாலைப் பெண் எங்களைப் பார்த்துப் போர்த்துக்கேய மொழியில் ஏதோ சொன்னபோது எங்களுக்கு விளங்கிய ஒரே சொல் துவாய். அதன் பிறகு கணக்கெடுக்கத் தொடங்கினோம். கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, குசினி, விறாந்தை, பாண். எங்கள் வீட்டுத் தமிழில் பாதி அவர்களுடைய வீட்டில் இருக்கிறது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தவர்கள் விட்டுப் போன சொற்கள். பாண் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் கடையைக் காட்டினார்கள். அல்ஜெசூர் வற்றாளங்கிழங்குக்கும் பேர்போன ஊர் என்பதால் காலைச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை.

இனி அலைக்கு வருவோம். எல்லோரும் நினைப்பதுபோல முதல் நாளே ஆழத்துக்குப் போவதில்லை. முதல் மணித்தியாலம் மணலில்தான். பலகையை மணலில் வைத்துக் குப்புறப் படுத்து, கைகளால் வலித்து, நெஞ்சை நிமிர்த்தி, ஒரே மூச்சில் எழுந்து கால்களை அகட்டி நிற்க வேண்டும். பத்துத் தரம், இருபது தரம். வைத்தியர்களாக நாங்கள் உங்களுக்குச் சொல்வது இதுதான். நிலத்தில் இருந்து கையூன்றி எழும்பத் தெரிகிற உடல் இலகுவில் விழாது. விழுந்தாலும் தனியே எழும்பும். ஐம்பதைத் தாண்டிய எங்கள் பெண்களின் இடுப்பு எலும்பும் மணிக்கட்டும் முறிவது பெரும்பாலும் வீட்டுக்குள் விழுந்துதான். சமநிலையும் தொடைப் பலமும் இருந்தால் அவற்றில் பலவற்றைத் தவிர்க்கலாம். அதற்குக் கடல் வேண்டும் என்பதில்லை, விறாந்தையே போதும். கடலில் அலுப்பு வராது, அவ்வளவுதான்.

பிறகு இடுப்பளவு நீருக்குப் போய், ஏற்கெனவே உடைந்து நுரையாக வருகிற அலையைப் பிடிப்பது. பலகை நீளமானது, மேற்பகுதி மெத்தென்றது. காலில் ஒரு வார் கட்டியிருக்கும். நீருக்குள் போகுமுன் ஒரு போராட்டம் உண்டு. அத்திலாந்திக் கடல் அங்கே கோடையிலும் 20 பாகையைத் தாண்டுவது அரிது. வாடை மேல்நீரை வெளியே தள்ள, அடியில் இருந்து குளிர்ந்த நீர் மேலே வருவதே காரணம். அதனால் கழுத்தில் இருந்து கணுக்கால் வரை இறப்பர் உடுப்பு, வெற்சூட், போட வேண்டும். அதற்குள் புகுவது ஒரு பிரசவம் மாதிரி. ஆனால் ஒன்று சொல்கிறோம். அம்மாமாருக்குப் பயம் தராத உடுப்பு அது. சேலையை விட உடம்பை மூடும்.

கறுத்துப் போவாய் என்று எங்களைக் கடலுக்கு விடாத அம்மாமாரும் அம்மம்மாமாரும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். கறுத்துத்தான் போனோம். அதனால் ஒரு வியாதியும் வரவில்லை. கேட்டவர்களுக்குச் சூரியக் களிம்பின் பெயரும் சொன்னோம்.

இரண்டாவது வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்களில் ஒருத்தி முதல் வருடம் முழுவதும் மேலே தேநீர்க் கடையிலேயே இருந்தவள். 2004 மார்கழி 26 அன்று அவள் முல்லைத்தீவுப் பக்கம் இருந்தாள். அதற்கு மேல் அவளுடைய கதையை நாங்கள் சொல்ல மாட்டோம். இரண்டாவது வருடம் வெற்சூட் போட்டுக்கொண்டு கரைவரை வந்தாள். கணுக்கால் நனைகிற இடத்தில் நின்றாள். அதற்கு மேல் கால் போகவில்லை. பயிற்றுவித்த பெண்ணுக்கு அவள் மகள் வயதிருக்கும். வற்புறுத்தவில்லை. மணலில் இருந்து அலையை எண்ணச் சொன்னாள். எத்தனை சின்னது வந்த பின் பெரியது வருகிறது, எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் போகிறது, எண்ணிச் சொல்லு என்றாள்.

இரண்டு நாள் எண்ணினாள். கணக்காளர் அவள், எண்ணுவது தொழில். பெரிய அலைகள் ஒன்றாகக் கூட்டமாக வருகின்றன, பிறகு கொஞ்ச நேரம் கடல் அடங்குகிறது என்றாள். வற்று நேரத்தில் அலை தூரத்தில் உடைகிறது, பெருக்கில் கரையோடு உடைகிறது என்றாள். அலை ஒவ்வொன்றும் தன் உயரத்தைவிடச் சற்றுக் கூடிய ஆழத்துக்கு வந்ததும் உடைகிறது என்பதைப் புத்தகம் பார்க்காமலே கண்டுபிடித்தாள். மூன்றாம் நாள் பெரிய அலைக்கூட்டம் முடியும் வரை பார்த்திருந்து, அடங்கிய நேரத்தில் இடுப்புவரை போனாள். அந்தக் கிழமை அவள் பலகையில் எழுந்து நிற்கவில்லை. படுத்தபடியே மூன்று தரம் கரைக்கு வந்தாள். மற்ற மூவரும் கரையில் நின்று போட்ட சத்தத்தில் உயிர்காப்பாளர் விசிலோடு ஓடி வந்துவிட்டார்.

அந்தக் குடாவின் முனையில் பதினேழாம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்றின் எச்சம் இருக்கிறது. கீழே மீன் பிடித்தவர்களைக் கடற்கொள்ளையரிடம் இருந்து காக்கக் கட்டியது. 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் நகரை அழித்த நில அதிர்வில் அதுவும் சிதைந்தது. அந்த அதிர்வுக்குப் பின் கடல் எழுந்து போர்த்துக்கல் கரையெங்கும் ஏறியது. அங்கேயும் கடல் வந்திருக்கிறது. அந்தப் பலகையை வாசித்துவிட்டு எங்கள் தோழி சும்மா நின்றாள். பிறகு, "இவையள் திரும்ப இறங்கியிருக்கினம்" என்று மட்டும் சொன்னாள். கீழே அதே பாறை மறைவில் இன்றும் மீன்பிடிப் படகுகள் கட்டியிருக்கின்றன. அலை வந்து போகிற இடைவெளியில் கயிற்றில் இறங்கிப் பாறையில் ஒட்டிய கடற்சிப்பிகளைக் கொத்துகிறவர்களையும் கண்டோம். அலையை எண்ணத் தெரியாவிட்டால் அந்தத் தொழிலில் உயிரோடு இருக்க முடியாது.

எங்கள் பரம்பரையைப் பற்றி யோசித்துப் பாருங்கள். தீபகற்பத்தில் பிறந்தோம். எந்தப் பக்கம் போனாலும் கடல். ஆனால் கரையில் முட்கம்பி இருந்தது, கடலில் தடை இருந்தது. தொண்ணூறுகளில் கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்த வள்ளத்தில் நீந்தத் தெரிந்த பெண் எத்தனை பேர்? எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தோம். வெளிநாடு போய்ப் பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப் போனபோது தாங்களும் பழகியவர்கள் சிலர். இங்கே இருக்கும்போது தெரிந்தவள் ஒருத்திதான். அவளுடைய தகப்பன் மீனவர்.

2005 மார்ச்சில் ஒக்ஸ்ஃபாம் வெளியிட்ட ஒரு சிற்றறிக்கை, இந்தோனேசியா, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் பல இடங்களில் சுனாமியால் இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் என்று காட்டியது. இலங்கையைப் பற்றி அது சொன்ன காரணங்களில் ஒன்று, நீந்தவும் மரம் ஏறவும் பெரும்பாலும் பையன்களுக்கே பழக்கப்படுகிறது என்பது. சுனாமியை நீந்தி வென்றுவிடலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிப்பட்ட நீரில் நல்ல நீச்சல்காரரும் போயிருக்கிறார்கள். ஆனால் ஒரு பெண் பிள்ளைக்கு நாம் கொடுக்காமல் விட்டது என்ன என்பதை அந்த வரி சொல்கிறது. சுனாமி இல்லாத வருடங்களிலும் நீர் ஆட்களை எடுக்கிறது. 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 இலட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கிணறு, குளம், கேணி, கடல் எல்லாம் அதில் அடங்கும்.

வைத்தியர்களாகச் சில விஷயம் சொல்லிவிடுகிறோம். இவை சேர்ஃபிங்குக்கு மட்டும் உரியவை இல்லை. கசூரினாவுக்கோ மணற்காட்டுக்கோ பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும்தான்.

மூழ்குகிற ஆள் கத்த மாட்டார். படத்தில் வருவதுபோலக் கையசைக்கவும் மாட்டார். மூச்செடுக்கவே வாய் நீர்மட்டத்துக்கு மேலே வருவதும் போவதுமாக இருக்கும். நிமிர்ந்தபடி, தலை பின்னால் சாய்ந்து, கைகளால் நீரைக் கீழே அமுக்கிக்கொண்டிருப்பார். காலடி இருக்காது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். ஆகவே கடலில் பிள்ளை சத்தமில்லாமல் இருந்தால் அப்போதுதான் பார்க்க வேண்டும். ஐஸ்கிறீம் வாங்கப் போகிற நேரம் அது இல்லை.

இழுவை நீரோட்டம் என்று ஒன்று உண்டு. கரைக்கு வந்த நீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். அந்த வழியில் அலை உடையாது, நீர் சற்றுக் கறுத்து, அமைதியாகத் தெரியும். தெரியாதவர்கள் அந்த அமைதியைப் பார்த்து அங்கேதான் இறங்குவார்கள். அது கீழே இழுக்காது, வெளியே கொண்டுபோகும். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தினால் ஒலிம்பிக் வீரரும் களைத்துப் போவார். மிதந்துகொண்டு ஒரு கையை உயர்த்த வேண்டும். முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தில் இருந்து விலகி, அலை உடைகிற இடத்தால் திரும்ப வேண்டும். அரிஃபானாவில் முதல் பாடமே மேலே நின்று இதைக் கண்டுபிடிப்பதுதான். பாறை உச்சியில் இருந்து பார்த்தால் கறுத்த வாய்க்கால்போல மிகத் தெளிவாகத் தெரியும். தட்டைக் கரையில் இந்த வசதி இல்லை.

குளிர் நீரில் விழுந்தால் உடனே மூச்சு ஏங்கி இழுக்கும். அதை அடக்க முடியாது. ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக அடங்கும். அதுவரை மல்லாந்து மிதக்கவேண்டும், நீந்தக் கூடாது. இருதய வருத்தம் உள்ளவர்கள் இதில் இறங்குமுன் தங்கள் வைத்தியரைக் கேட்க வேண்டும். மணலுக்குள் ஒளிந்திருக்கும் முள்மீன் ஒன்று அங்கே காலில் குத்தும். மருந்து சுடுநீர். தாங்கக்கூடிய அளவு சூட்டில் காலை அரை மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருந்தால் நோ இறங்கும். நஞ்சு சூட்டில் குலைந்துவிடும். திருக்கை குத்தினாலும் இதே வைத்தியம்தான், பிறகு காயத்தைக் கட்டாயம் காட்ட வேண்டும். பல வருடம் குளிர்கடலில் கிடப்பவர்களுக்குக் காதுக்குள் எலும்பு வளரும். எங்களுக்கு அந்தப் பயம் இல்லை. அந்த அளவுக்குத் திறமை வருமுன் ஓய்வூதியம் வந்துவிடும்.

இது ஆண்களின் விளையாட்டு, எங்களுக்கு எதற்கு என்று ஒரு அக்கா வாசலில் கேட்டார். ஹவாய்த் தீவுகளில் இது பிறந்த காலத்திலேயே அரசகுலப் பெண்கள் அலையேறியிருக்கிறார்கள். காகுமானு என்ற அரசி அதில் பேர் பெற்றவர். எங்கள் நூலகத்தில் அட்டை கிழியும் வரை வாசித்தோமே, அகதா கிறிஸ்டி, அவர் 1922இல் தென்னாபிரிக்காவிலும் ஹவாயிலும் சேர்ஃபிங் செய்திருக்கிறார். போர்த்துக்கலின் நசாரே என்ற இடத்தில் 2013இல் மூழ்கிச் சாகப் பிழைத்த மாயா கபேரா என்ற பிரேசில் பெண், 2020இல் அதே கடலில் 22.4 மீற்றர் அலையில் இறங்கி உலக சாதனை படைத்தார். அது எங்களுக்கு வேண்டாம். இடுப்பளவே போதும். ஆனால் அறுகம்குடாவைச் சொல்லாமல் விட முடியாது. 2018இல் அங்கே பெண்களுக்கென்று ஒரு சேர்ஃபிங் கழகம் தொடங்கினார்கள். நாட்டிலேயே முதலாவது. வீட்டாரின் மறுப்பையும் ஊர்ப் பேச்சையும் தாண்டி இறங்கியவர்கள் அவர்கள். பலர் பிள்ளை பெற்ற தாய்மார். எங்களுக்கு விமானச் சீட்டும் வெற்சூட்டும் இருந்தன. அவர்களுக்குத் துணிவுதான் இருந்தது.

அரிஃபானாவுக்கு வர விரும்புகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை. ஐம்பது மீற்றர் நீந்தவும், ஐந்து நிமிடம் மல்லாந்து மிதக்கவும் தெரிய வேண்டும். இந்த வருடம் எட்டுப் பேர் பெயர் தந்திருக்கிறார்கள். அதில் மூவர் இன்னும் நீச்சல் பழகிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர்.

கடைசியாக அதிபர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். இன்று இங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு ஆறாம் தரத்தில் இருந்து நீச்சல் பழக்க வேண்டும். தடாகம் கட்டித் தருவதாக நாங்கள் வாக்களிக்கவில்லை. அது பெரிய காசு, பராமரிப்பு அதைவிடப் பெரிது. வாடகைக்குத் தடாகம் எடுத்து, பெண் பயிற்றுநர் ஒருவரை வைத்து, போக்குவரவுக்குப் பஸ் ஒழுங்கு செய்தால் ஒரு வகுப்புக்கு ஒரு தவணை போதும். மிதக்கவும், நீந்தவும், கரையில் நின்று கடலை வாசிக்கவும் பழக்கலாம். உடுப்பைப் பற்றிப் பெற்றோருக்கு யோசனை இருந்தால் முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடுப்பு இப்போது எல்லா அளவிலும் வருகிறது. முதல் இரண்டு வருடச் செலவை எங்கள் வகுப்பு ஏற்கிறது. மூன்றாம் வருடத்துக்கு யார் என்று எழுத வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். ரோல்ஸ் மேசைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, தவறவிட மாட்டீர்கள்.